மருதையாறு: காய்ந்து கிடக்கும் ஆறு கரைபுரள்வது ஏன்?

1956ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள். பொழுது இன்னும் விடியவில்லை. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குச் செல்லும் விரைவு இரயில் அரியலூர் நிலையத்தைக் கடந்து தெற்கே சென்றுகொண்டிருந்தது. அடுத்த நிலையம் கல்லகம். இரண்டுக்கும் நடுவே ஓர் ஆற்றுப் பாலம். இரவெல்லாம் பெய்த கனமழையால் ஆறு பெருக்கெடுத்திருந்தது. வெள்ளம் பாலத்தைப் பலமிழக்கச் செய்திருந்தது. காலை ஐந்தரை மணியளவில் இரயில் அங்கு வந்தபோது எஞ்சினும் முன்பக்கத்துப் பெட்டிகள் சிலவும் வெள்ளத்தில் வீழ்ந்தன. 140க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இந்த விபத்துக்குப் பொறுப்பேற்று அன்றைய இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார்.

இத்தனை உயிர்களைக் கொண்டுபோன ஆறு எது? கங்கையா, பிரம்மபுத்திராவா? இல்லை. காவிரிகூட இல்லை. மருதையாறு என்னும் ஒரு சிற்றாறு!

இன்று கோடைக் காலத்தில் அந்தப் பாலத்தைக் கடக்கும் பயணிகள் சன்னல் வழியே எட்டிப் பார்த்தால் என்ன காண்பார்கள்? மணல், புதர், சீமைக்கருவேலம், ஆங்காங்கே மேயும் ஆடுகள். இதையா ஆறு என்கிறார்கள் என்று வியப்பார்கள். ஆண்டின் பெரும்பகுதி நீரின்றிக் கிடக்கும் ஓர் ஆறு, ஒரே இரவில் இவ்வளவு பெருகுவது எப்படி? 'காய்ந்து கிடப்பதும் கரைபுரள்வதும் நேர்மாறானவை அல்லவா?' என்று கேட்கத் தோன்றும். உண்மையில் இரண்டுக்கும் காரணம் ஒன்றே. அதைக் காண வேண்டுமானால் மருதையாற்றின் பிறப்பிடத்திலிருந்து அது கொள்ளிடத்தில் கலக்கும் இடம்வரை நாமும் உடன் செல்ல வேண்டும்.

ஒரு மலை, பல ஆறுகள்

பெரம்பலூர் நகரில் நின்று மேற்கே பார்த்தால் நீலநிறத்தில் நீண்டு கிடக்கும் மலைத்தொடர் தெரியும். அதுதான் பச்சைமலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் துண்டுகளில் ஒன்று. பெரம்பலூர், திருச்சிராப்பள்ளி, சேலம் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் பரவியிருக்கிறது. இதன் உயரம் பெரும்பாலும் கடல் மட்டத்திலிருந்து 500 முதல் 1000 மீட்டர் வரை. இமயத்தையும் ஆல்ப்ஸையும் எண்ணிப் பார்த்தால் இது ஒரு குன்று எனலாம். ஆயினும் சமவெளியிலிருந்து திடுமென எழுவதால் மழை மேகங்களைத் தடுத்து நிறுத்தும் ஆற்றல் இதற்கு உண்டு.

இம்மலையின் மேல் விழும் மழைத்துளி எங்கே போய்ச் சேரும் என்பது அது விழும் இடத்தைப் பொறுத்தது. வீட்டுக் கூரையின் முகட்டில் விழும் நீர் இருபுறமும் பிரிந்து ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். மலைக்கும் அத்தகைய முகடு உண்டு. அதனை நீர்பிரி மேடு என்பர். பச்சைமலையில் பெய்யும் மழையின் ஒரு பகுதி வடக்கே இறங்குகிறது. சுவேத நதி அவ்வாறு வடபுறச் சரிவுகளின் நீரையும் பெற்று வெள்ளாற்றுக்குக் கொண்டு சேர்க்கிறது. கல்லாறு, சின்னாறு ஆகியவையும் வெள்ளாற்றையே நாடிச் செல்கின்றன. விசுவக்குடியில் பச்சைமலைக்கும் செம்மலைக்கும் இடையே கல்லாற்றைத் தடுத்து ஓர் அணை கட்டியிருக்கிறார்கள். சின்னாற்றின் நீர் எறையூர் அருகே ஒரு நீர்த்தேக்கத்தில் தங்குகிறது.

இவற்றுக்குத் தெற்கே, பெரம்பலூர் நகருக்கு மேற்கிலுள்ள கீழக்கணவாய்ப் பக்கத்து மலைச்சரிவுகளில் இறங்கும் நீர் மட்டும் வேறு வழியைப் பிடிக்கிறது. அது தென்கிழக்காகத் திரும்பிக் கொள்ளிடத்தை நோக்கி ஓடுகிறது. அதுவே மருதையாறு. ஒரே மலையில், ஒரே மழையில் பிறந்த இரண்டு துளிகளில் ஒன்று வெள்ளாற்றின் வழியாகவும் மற்றொன்று கொள்ளிடத்தின் வழியாகவும் வங்கக் கடலை அடைகின்றன. பிறந்த இடத்தில் அவற்றுக்கிடையே இருந்த தூரம் ஒரு முழமாகவும் இருந்திருக்கலாம்!

துணையாறும் கிளையாறும்

இங்கே ஒரு சிறு விளக்கம் தேவை. துணையாறு, கிளையாறு என்னும் இரு சொற்களையும் மாணவர்கள் பலர் ஒன்றாகக் கருதிவிடுகிறார்கள். தன் நீரை வேறோர் ஆற்றுக்குக் கொண்டுவந்து கொடுப்பது துணையாறு. பேராற்றிலிருந்து பிரிந்து அதன் நீரை எடுத்துக்கொண்டு செல்வது கிளையாறு. பவானியும் அமராவதியும் காவிரியின் துணையாறுகள். முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரியும் கொள்ளிடம் காவிரியின் கிளையாறு. மருதையாறோ கொள்ளிடத்தின் துணையாறு. ஆகவே இது 'ஒரு கிளையாற்றின் துணையாறு' என்னும் விந்தையான உறவைப் பெற்றிருக்கிறது.

மருதையாற்றுக்கும் துணை உண்டா? உண்டு. அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு நிலப்படத்தில் பெயர்கூட இராது. ஊர் மக்கள் ஓடை, வாரி, வாய்க்கால், பள்ளம் என்று அழைப்பார்கள். மழை பெய்தால் ஓடும், நின்றால் நிற்கும். ஆனால் மருதையாற்றின் நீரெல்லாம் இவை கொண்டுவந்து ஊற்றிய நீரேயாகும். வழியில் நூற்றுக்கணக்கான ஓடைகள் அதனுடன் சேர்கின்றன.

இவற்றை வகைப்படுத்த அறிவியலார் ஓர் எளிய முறையைக் கையாளுகிறார்கள். அமெரிக்கப் பொறியியலறிஞர் ஹார்ட்டன் 1945இல் வகுத்த முறையை ஸ்ட்ராலர் என்பவர் 1952இல் திருத்தி எளிமையாக்கினார். வேறு எந்த ஓடையும் வந்து சேராத நுனி ஓடை முதல் நிலை ஓடை. இரண்டு முதல் நிலை ஓடைகள் கூடினால் இரண்டாம் நிலை. இரண்டு இரண்டாம் நிலை ஓடைகள் கூடினால் மூன்றாம் நிலை. ஒரு முதல் நிலை ஓடை வந்து இரண்டாம் நிலை ஓடையில் விழுந்தால் நிலை மாறாது. இப்படியே எண்ணிக்கொண்டு போனால் இறுதியில் ஒரே ஆறு மிஞ்சும்.

வரைந்து பார்த்தால் அது ஒரு மரம்போல் தோன்றும். கொள்ளிடத்தில் கலக்குமிடம் அடிமரம். ஓடைகள் கிளைகளும் கொம்புகளும். முதல் நிலை ஓடைகள் நுனிக் குச்சிகள். மரத்துக்கும் ஆற்றுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. மரத்தில் நீர் அடியிலிருந்து நுனிக்கு ஏறுகிறது. ஆற்றிலோ நுனியிலிருந்து அடிக்கு இறங்குகிறது. ஆகையால் நுனிகளில் நிகழும் எந்த மாறுதலும் அடிமரத்தில் வந்தே தீரும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளத்தின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது.

மூன்று நிலங்களின் வழியே

மருதையாறு நெடிய ஆறன்று. ஆனாலும் அது கடந்து செல்லும் நிலங்களின் வரலாறு மிக நெடியது. இதன் வழியை மூன்று பகுதிகளாகப் பிரித்துக் காணலாம்.

முதற்பகுதி மலையும் அதன் அடிவாரமும். இங்குள்ள பாறைகள் சார்னோக்கைட், நைஸ் முதலியவை. இவை 200 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழம்பாறைகள். மிகக் கடினமானவை. பாறையின் பிளவுகளிலும் அதன்மேல் சிதைந்து கிடக்கும் மண்ணிலும் மட்டுமே நீர் தங்கும். அடிவாரத்தில் செம்மண் பரவியிருக்கிறது. ஆறு பெரம்பலூர் நகரின் தெற்குப் பக்கமாக வந்து சென்னை-திருச்சி நெடுஞ்சாலையைக் கடக்கும்வரை இத்தகைய நிலத்திலேயே செல்கிறது.

இரண்டாம் பகுதியில் காட்சி மாறுகிறது. செம்மண் போய்க் கரிசல் வருகிறது. பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் பூமி. கொளக்காநத்தம், கொட்டரை வட்டாரத்தில் நடந்து செல்பவர் காலடியில் இருப்பது ஒரு காலத்தில் கடலின் அடித்தளம்! ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, கிரிட்டேசியஸ் காலத்தில், கடல் இங்கே உட்புகுந்தது. பல கோடி ஆண்டுகள் முன்னேறியும் பின்வாங்கியும் சேறு, மணல், சிப்பி, சுண்ணாம்பு ஆகியவற்றை அடுக்கடுக்காகப் படியவைத்தது. 1862இல் பிளான்போர்டு என்னும் நிலவியலார் இந்தப் படிவுகளை ஆராய்ந்து ஊட்டத்தூர்த் தொகுதி, திருச்சிராப்பள்ளித் தொகுதி, அரியலூர்த் தொகுதி எனப் பெயரிட்டார். உலகெங்கும் நிலவியல் மாணவர்கள் இன்றும் இந்த ஊர்ப் பெயர்களைப் படிக்கிறார்கள்.

இந்த அடுக்குகள் கிழக்கு நோக்கி மெல்லச் சாய்ந்திருக்கின்றன. அடுக்கி வைத்த புத்தகங்களை ஒரு பக்கமாகச் சரித்துவிட்டால் ஒவ்வொன்றின் முதுகும் வரிசையாகத் தெரியுமல்லவா? அதைப்போல மேற்கே பழைய அடுக்குகளும் கிழக்கே செல்லச் செல்லப் புதிய அடுக்குகளும் வெளியே தெரிகின்றன. மருதையாறு அவற்றைக் குறுக்கே அறுத்துக்கொண்டு தென்கிழக்காக ஓடுகிறது. ஆகவே ஆற்றோடு கீழ்நோக்கி நடப்பவர் காலத்தில் முன்னோக்கி நடக்கிறார். ஒவ்வொரு கிலோமீட்டரிலும் பல இலட்சம் ஆண்டுகளைக் கடக்கிறார் எனலாம்.

இந்நிலத்தின் அடுக்குகளைத் திறந்து காட்டியது ஓடும் நீரேயாகும். சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் ஒன்று ஓடைப் பள்ளத்தில் கிடக்கிறது. ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட அம்மரத்தை 1940இல் டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தார். மேலிருந்த மண்ணை ஓடை அரித்துக்கொண்டு போயிராவிட்டால் அதை யார் கண்டிருக்க முடியும்? காரை என்னும் ஊரின் களிமண் வெளியை மழைநீர் ஆயிரம் பள்ளங்களாகக் கிழித்திருக்கிறது. அங்கே ஜிப்சப் படலங்கள் வெயிலில் மின்னுகின்றன. அம்மோனைட்டு என்னும் அழிந்துபோன கடலுயிரின் சுருள் ஓடுகள் மண்ணில் கிடைக்கின்றன. 2020இல் குன்னம் பகுதியில் ஏரி தூர் வாரும்போது உருண்டைக் கற்கள் கிடைக்க, 'டைனோசர் முட்டை' என்ற செய்தி பரவியது. ஆய்ந்தவர்கள், அவை அம்மோனைட்டைச் சுற்றி மண் இறுகி உருண்ட கற்களே என்று விளக்கினார்கள்.

இதே கடற்படிவுகளின் சுண்ணாம்புக்கல்தான் அரியலூர் வட்டாரத்துச் சிமெண்டு ஆலைகளுக்கு மூலப்பொருள். அரியலூருக்குத் தெற்கே ஆறு இரயில் பாதையைக் கடந்து மேலும் கீழிறங்குகிறது.

மூன்றாம் பகுதி கொள்ளிடக் கரையின் வண்டல் நிலம். இங்கே நிலம் ஏறக்குறைய மட்டமாகிவிடுகிறது. அரியலூர் மாவட்டத்தின் தெற்கு எல்லையாக ஓடும் கொள்ளிடத்தில் மருதையாறு தன் பெயரை இழக்கிறது.

ஏன் காய்கிறது?

ஆல்ப்ஸ் மலையின் ஒரு சிற்றாற்றை எண்ணிப் பாருங்கள். அங்கே குளிர்காலத்தில் விழும் பனி மலையிலேயே உறைந்து கிடக்கும். வேனிலில் அது சிறுகச் சிறுக உருகும். மழையே பெய்யாவிட்டாலும் ஆற்றில் நீர் வந்துகொண்டிருக்கும். பனி என்பது அந்த ஆற்றின் சேமிப்புக் கணக்கு.

மருதையாற்றுக்குப் பனி இல்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 900 மில்லிமீட்டர் மழையே அதன் வருமானம். அதிலும் சரிபாதியளவு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்று கொண்டுவருவது. அந்த மூன்று மாதங்களிலும்கூட மழை நாள்தோறும் அளந்து பெய்வதில்லை. வங்கக் கடலில் புயல் சின்னம் தோன்றினால் இரண்டு மூன்று நாட்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. வருமானம் மொத்தமாக வருகிறது, சேமிப்போ குறைவு. மாதத் தொடக்கத்தில் சம்பளம் வாங்கி முதல் வாரத்திலேயே செலவழித்துவிட்ட குடும்பத்தின் நிலைதான் ஆற்றுக்கும்.

சேமிப்பு அறவே இல்லையென்றும் சொல்ல முடியாது. மூன்று இடங்களில் நீர் தங்க வழி உண்டு. ஒன்று, மலையின் காடும் அதன் அடியிலுள்ள மண்ணும். இலைச் சருகும் வேர்களும் நிறைந்த மண் மழையை உறிஞ்சி மெல்லக் கசியவிடுகிறது. இரண்டு, ஆற்று மணல். மேலே காய்ந்து தோன்றினாலும் மணலின் இடுக்குகளில் நீர் நிற்கும். கையால் தோண்டினால் ஊற்று சுரப்பது இதனால்தான். கரையோரக் கிணறுகளுக்கு இந்த நீரே ஆதாரம். மூன்று, மனிதன் அமைத்த ஏரிகள். காடு அழிந்தால் முதல் சேமிப்பும், மணலை அள்ளினால் இரண்டாம் சேமிப்பும், ஏரி தூர்ந்தால் மூன்றாம் சேமிப்பும் குறைகின்றன.

ஏன் கரைபுரள்கிறது?

இப்போது ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் கிடைக்கும் நீர் 10 இலட்சம் லிட்டர். நூறு சதுர கிலோமீட்டர் பரப்பில் ஓரிரவில் 10 சென்டிமீட்டர் மழை பெய்வதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 1000 கோடி லிட்டர். அதில் பாதி நிலத்தில் ஊறிவிட்டது, பாதி ஆற்றுக்கு வந்தது என்று கொண்டால் 500 கோடி லிட்டர். கன அடிக் கணக்கில் சுமார் 17 கோடியே 65 இலட்சம் கன அடி.

இந்த நீர் 10 நாட்களில் சீராக வடிந்தால் ஆற்றில் நொடிக்கு ஏறத்தாழ 200 கன அடி ஓடும். அது ஓர் அமைதியான வாய்க்கால், உழவர்கள் மகிழ்வார்கள். அதே நீர் 5 மணி நேரத்தில் வந்துவிட்டாலோ நொடிக்கு 9,800 கன அடி! மழை ஒன்றுதான், நீரும் ஒன்றுதான். வரும் நேரம் மட்டுமே வேறு. வாய்க்காலுக்கும் வெள்ளத்துக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

அந்த நேரத்தைச் சுருக்குபவை எவை? முதலாவது, சரிவு. செங்குத்தான மலைச்சரிவில் நீர் தங்காது. பெரம்பலூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 140 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அரியலூர் சுமார் 75 மீட்டர். இரண்டு நகரங்களுக்கும் இடையே நேர்கோட்டில் 25 கிலோமீட்டர் தூரம். மலையை விட்டிறங்கிய பின்னும் நிலம் கிலோமீட்டருக்கு இரண்டு மீட்டருக்கு மேல் இறங்குகிறது என்றாகிறது. நீருக்கு அது போதுமான தூண்டுதல்.

இரண்டாவது, துணை ஓடைகள் ஒரே நேரத்தில் வந்து சேர்வது. காவிரி போன்ற பேராற்றில் ஒரு துணையாற்றுப் பகுதியில் மழை பெய்யும்போது இன்னொரு பகுதி காய்ந்திருக்கும். வெள்ளங்கள் வெவ்வேறு நாட்களில் வரும். சிற்றாற்றின் வடிநிலம் முழுவதையும் ஒரே மேகம் மூடிவிடும். எல்லா நுனி ஓடைகளும் ஒரே இரவில் பெருகும். நாம் முன்பு கண்ட மரத்தின் குச்சிகள் அனைத்தும் ஒரே சமயத்தில் தம் நீரை அடிமரத்தில் கொட்டும்.

மூன்றாவது, கரிசல் மண். இதனை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். இரண்டு தகர டப்பாக்களின் அடியில் ஆணியால் சில துளைகள் இட்டு, ஒன்றில் ஆற்று மணலையும் மற்றொன்றில் நன்றாகக் காய்ந்து வெடித்த கரிசல் மண்ணையும் நிரப்புங்கள். இரண்டிலும் ஒரு குவளை நீரை ஊற்றுங்கள். மணலில் நீர் உடனே இறங்கும். கரிசலிலும் முதலில் வெடிப்புகளின் வழியே இறங்கும். ஒரு நாள் பொறுத்து மீண்டும் ஊற்றுங்கள். மணல் முன்போலவே நீரை விடும். கரிசலிலோ நீர் மேலேயே நிற்கும்! கரிசலிலுள்ள ஒருவகைக் களிமண் நீரைக் குடித்து ஊதி, வெடிப்புகளை அடைத்துவிடுவதே காரணம்.

கரிசல் பூமியிலும் இதுவே நடக்கிறது. கோடையில் பாளம் பாளமாக வெடித்த நிலம் முதல் மழைகளைக் குடித்துவிடுகிறது. அக்டோபர் மழையில் அது ஊறி மூடிக்கொண்டபின் நவம்பரில் பெய்யும் பெருமழை உள்ளே போக வழியின்றி ஓடைக்கு ஓடுகிறது. கோடையில் பெய்யும் பத்து சென்டிமீட்டரும் நவம்பரில் பெய்யும் பத்து சென்டிமீட்டரும் ஆற்றுக்கு ஒன்றல்ல. 1956இன் விபத்து நவம்பர் மாதத்தின் நான்காம் வாரத்தில் நேர்ந்தது என்பதை இங்கே எண்ணிப் பாருங்கள்.

நீரின் பலம்

பெருகிய நீர் பாலத்தை எவ்வாறு பழுதாக்குகிறது? நீரின் வேகம் கூடும்போது அதன் ஆற்றல் அதைவிட மிகப் பன்மடங்காகக் கூடுகிறது. வேகம் இரு மடங்கானால், ஆறு உருட்டிச் செல்லக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகிறது! நேற்றுவரை மணலை மட்டும் நகர்த்திய நீர் இன்று பாறைத் துண்டுகளைப் புரட்டுகிறது.

பாலத்தூண் ஒரு தடை. அதில் மோதும் நீர் கீழ்நோக்கிச் சுழன்று தூணின் அடியிலுள்ள மணலைத் தோண்டுகிறது. கடற்கரையில் அலை வந்து திரும்பும்போது நம் குதிகாலின் அடியில் மணல் கரைவதை உணர்ந்திருப்பீர்களே, அதே நிகழ்ச்சிதான். மேலே பாலம் அசையாமல் நிற்கும். அடியில் பிடிமானம் போயிருக்கும். இரயில் பாதைக்காக எழுப்பிய மண்கரை வேறொரு இடரைச் சேர்க்கிறது. வெள்ளம் பரந்து ஓட வேண்டிய இடத்தில் அது ஓர் அணைபோல் குறுக்கே நிற்கிறது. பாலத்தின் திறப்பு போதவில்லையென்றால் நீர் மேற்புறத்தில் தேங்கி உயர்ந்து, இடுக்கில் பீறிட்டுப் பாயும். கரையையும் ஊறவைத்துக் கரைக்கும். ஆகவேதான் இரயில்வேப் பொறியாளர்கள் மழைக்காலத்தில் பாலந்தோறும் நீர்மட்டத்தைக் கண்காணிக்க ஏற்பாடு செய்கிறார்கள். பாலத்தில் வண்ணக் கோடிட்டு அபாய அளவைக் குறித்திருப்பதை நீங்களும் பார்த்திருக்கலாம்.

கீழே கொள்ளிடக் கரையில் இன்னொரு சிக்கல். கொள்ளிடம் காவிரியின் வெள்ள வடிகால். அங்கே பெருவெள்ளம் ஓடும்போது மருதையாற்றின் நீர் இறங்க இடமின்றித் தேங்கும்; வயல்களில் பரவும். கூட்டம் நிறைந்த கடைத்தெருவில் சந்திலிருந்து வண்டி வெளியேற முடியாமல் நிற்பதைப் போன்றது இது.

ஏரியே நம் பனிமலை

பனி இல்லாத நாட்டில் சேமிப்பை எங்கே வைப்பது? நம் முன்னோர் இதற்கு விடை கண்டார்கள். ஓடைகளின் குறுக்கே வளைவாகக் கரை எழுப்பி ஏரி வெட்டினார்கள். ஓர் ஏரி நிரம்பினால் கலிங்கு வழியே நீர் வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும், அதிலிருந்து அடுத்ததற்கு. இறுதியில் மிஞ்சுவதே ஆற்றுக்கு வரும். 5 மணி நேரத்தில் வரவேண்டிய நீரைப் பல நாட்களுக்கு நீட்டிக்கும் உபாயம் இது. ஏரி பாசனத்துக்கு மட்டுமன்று. வெள்ளத்துக்கும் அதுவே காப்பு.

ஆனால் சங்கிலியில் ஒரு கண்ணி அற்றால் என்னாகும்? மேலேயுள்ள ஏரி தூர்ந்து கரை பலமிழந்திருந்தால், பெருமழையில் அது உடையும். அதன் நீர் முழுவதும் அடுத்த ஏரியின் மேல் பாயும். அதுவும் உடையும். காப்பாக இருந்த சங்கிலியே பேரிடராக மாறும். எனவே ஏரியைத் தூர் வாருவதும், கரையைப் பலப்படுத்துவதும், வரத்து வாய்க்காலை ஆக்கிரமிப்பின்றி வைப்பதும் ஓர் ஊரின் கடமை மட்டுமன்று. அவ்வூருக்குக் கீழே வாழும் எல்லா ஊர்களுக்கும் செய்யும் உதவியாகும்.

அண்மைக் காலத்தில் மருதையாற்றின் குறுக்கே தடுப்பணைகள் கட்டப்பட்டுள்ளன. கொட்டரைக்கும் ஆதனூருக்கும் இடையே நீர்த்தேக்கம் ஒன்றும் எழும்பியிருக்கிறது. இவை ஏரிகள் செய்த அதே வேலையைப் பெரிய அளவில் செய்கின்றன. ஆனால் மலையில் மண்ணரிப்பு மிகுந்தால் நீரோடு வரும் வண்டல் நீர்த்தேக்கத்தை நிரப்பிவிடும். நுனியைப் பேணாமல் அடியை மட்டும் பேணினால் போதாது.

ஒரு துளியின் முடிவு

மருதையாறு கொள்ளிடத்தில் கலந்தபின் அதன் நீர் கீழே அணைக்கரையை அடைகிறது. அங்கேயுள்ள கீழணையிலிருந்து வடவாறு பிரிந்து வீராணம் ஏரிக்கு நீரைக் கொண்டு செல்கிறது. வீராணத்திலிருந்து 2004 முதல் குழாய் வழியே சென்னைக்குக் குடிநீர் போகிறது. ஆகவே பச்சைமலையில் விழுந்த ஒரு மழைத்துளி சென்னையில் ஒரு வீட்டுக் குழாயில் சொட்டவும்கூடும். அல்லது கொள்ளிடத்தோடு கடலுக்குச் சென்று, மேகமாகி, மீண்டும் பச்சைமலைக்கே திரும்பவும்கூடும்.

உங்கள் ஊர் ஓடைக்குப் பெயர் இல்லாமலிருக்கலாம். அதனால் அது சிறியதென்று எண்ணிவிடாதீர்கள். அடுத்த மழையில் குடை பிடித்துக்கொண்டு வெளியே வந்து, உங்கள் தெருவின் நீர் எந்த வாய்க்காலில் விழுகிறது, அந்த வாய்க்கால் எந்த ஏரிக்குப் போகிறது, அந்த ஏரியின் கலிங்கு எந்த ஓடையில் திறக்கிறது என்று கேட்டுக் கேட்டு ஒரு படம் வரையுங்கள். முதல் நிலை, இரண்டாம் நிலை என்று எண்ணிடுங்கள். வழியில் எங்கே குப்பை அடைத்திருக்கிறது, எங்கே வாய்க்கால் மேடாகிவிட்டது என்பதையும் குறியுங்கள். ஏதோ ஓர் ஆற்றின் நுனிக் குச்சியில்தான் உங்கள் வீடு இருக்கிறது என்பது அப்போது விளங்கும்.

ஆறு என்பது நிலப்படத்தில் வரைந்த நீலக்கோடு மட்டுமன்று. அதற்கு நீர் தரும் நிலம் முழுவதும் ஆறுதான். நிலம் நீரைப் பிடித்து வைத்துக்கொண்டால் ஆறு நெடுநாள் ஓடும். பிடிக்காமல் விட்டுவிட்டால் ஓரிரவு கரைபுரண்டு, மறுவாரம் மணலாய்க் கிடக்கும். 1956இல் ஓர் இருண்ட நவம்பர் விடியலில் மருதையாறு கற்பித்த பாடம் அது. 140க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொடுத்துக் கற்ற பாடத்தை நாம் மறக்கலாகாது.